இரும்பு இருக்கிறது, ரத்தம் ஏறவில்லை: செம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கொளத்தூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 56 வயது. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறார். ஹீமோகுளோபின் 8.4-லேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, “செம்புச் சத்து இல்லேன்னா இரும்பு உடம்புல ஒட்டாது, செப்புக் குடத்துல தண்ணி ஊத்தி வெச்சுக் குடிக்கச் சொல்லு” என்கிறார். அது உண்மையா, குடம் வாங்கலாமா, செம்புக்குத் தனி மாத்திரை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 280, சீரம் அயர்ன் 31, வெள்ளணு 2,800 என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். கால் இரண்டும் மரத்துப்போய் மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறார். கொரோனா நாளிலிருந்து எதிர்ப்புச் சக்திக்காக 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை தினமும் ஒன்று போடுகிறார்.

கேட்டது குடத்தைப் பற்றி. ஆனால் உண்மையான கேள்வி வேறு: உடம்பில் இரும்பு இருக்கும்போதே ரத்தம் ஏன் ஊறவில்லை? ஃபெரிட்டின் 280 என்றால் கையிருப்பு காலியாகவில்லை என்று பொருள். சீரம் அயர்ன் 31 என்றால் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு குறைவு. இருப்பு உண்டு, ஓட்டம் இல்லை. இந்த முரணுக்குப் பல காரணங்கள் உண்டு; செம்புக் குறைவு அதில் ஒன்று, அதுவும் அரிதான ஒன்று. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இரண்டு விஷயங்களும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன.

நான் ரத்த நோயியல் படித்தவன். சென்னையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் பார்த்தே காலம் போயிற்று. நோயாளிக்கு மருந்து எழுதும் வேலை என்னுடையது அல்ல. உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்லவும் மாட்டேன். எதைச் சந்தேகிக்க வேண்டும், எந்தச் சோதனை அதைத் தீர்க்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரும்பு உடம்பில் எப்படிப் போய்வருகிறது என்பது தெரிந்தால் மற்றது தானே விளங்கும். வளர்ந்த ஒருவர் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாம் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஆனால் எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களைச் செய்ய நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் கேட்கிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? பழைய சிவப்பணுக்களிலிருந்து. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. வயதானவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள் பிடித்து உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பை எடுத்து, திரும்பவும் ரத்தத்தில் விடுகின்றன. பழைய பேப்பர், இரும்புக் கடைக்காரர் மாதிரி. உடம்பின் இரும்புக் கணக்கு பெரும்பாலும் இந்த மறுசுழற்சியில்தான் ஓடுகிறது. சாப்பாடு அதன்மேல் வரும் சின்னக் கூடுதல்.

செம்பு வேலை செய்யும் இடம், இரும்பு செல்லை விட்டு வெளியேறும் வாசல். குடல் செல்லாக இருந்தாலும் விழுங்கணுவாக இருந்தாலும் இரும்பு வெளியே வர ஒரே ஒரு கதவுதான் உண்டு. அதன் பெயர் ஃபெரோபோர்ட்டின். அந்தக் கதவு வழியாக வருவது ஃபெரஸ் வடிவ இரும்பு. ஆனால் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஃபெரிக் வடிவத்தை மட்டுமே ஏற்றிக்கொள்ளும். ஒரு எலக்ட்ரானைக் கழற்றி ஃபெரஸை ஃபெரிக்காக மாற்ற வாசலிலேயே ஒரு நொதி நிற்க வேண்டும். குடலில் அந்த வேலையைச் செய்வது ஹெஃபஸ்டின். ரத்தத்தில் மிதந்தபடி மற்ற செல்களின் வாசலில் செய்வது செருலோபிளாஸ்மின். இரண்டும் செம்பு இல்லாமல் வேலை செய்யாத புரதங்கள். ரேஷன் கடை அனுபவம் இருந்தால் உடனே புரியும்: உள்ளே அரிசி மூட்டை மூட்டையாக இருக்கும், மெஷினில் கைரேகை விழவில்லை என்றால் ஒரு கிலோ வெளியே வராது. செம்பு குறைந்தால் இரும்புக்கு நடப்பது இதுதான். இன்னொன்றும் உண்டு: இந்த மாற்றம் நடக்காமல் இரும்பு வாசலிலேயே தேங்கினால், சில செல்கள் அந்த ஃபெரோபோர்ட்டின் கதவையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றன.

செருலோபிளாஸ்மின் என்ற பெயருக்கே நீல நிறப் பிளாஸ்மாப் பொருள் என்றுதான் அர்த்தம். 1940-களில் ஸ்வீடனில் ஹோம்பெர்க், லாரெல் என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த வங்கியில் வேலை செய்தவர்களுக்கு இதன் நிறம் பழக்கம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாப் பையை வெளிச்சத்தில் பிடித்தால், வழக்கமான வைக்கோல் மஞ்சளுக்குப் பதில் லேசான பச்சை தெரியும். ஈஸ்ட்ரோஜனால் செருலோபிளாஸ்மின் கூடி, அதன் நீலம் மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பையைக் கெட்டுப்போனது என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். மூத்த டெக்னீஷியன் ஒருவர்தான், “சார், அது தாமிர நிறம், பயப்படாதீங்க” என்று சொல்லிக் கொடுத்தார். இந்தப் பச்சையைப் பற்றிப் பின்னால் ஒரு காரணத்துக்காக மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

செம்புக்கும் ரத்தத்துக்கும் உறவு உண்டு என்பது புதிய செய்தி அல்ல. 1928-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜெம் ஆகியோர் எலிகளுக்குப் பாலை மட்டுமே கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் வெளுத்துப்போயின. பாலில் இரும்பு குறைவு என்பதால் சுத்தமான இரும்பு உப்பைக் கொடுத்தார்கள், தேறவில்லை. ஈரலைச் சுட்டுச் சாம்பலாக்கி இரும்போடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தம் ஏறியது. சாம்பலில் உயிர்ச்சத்து எதுவும் மிஞ்சாது. ஏதோ ஒரு தாதுதான் வேலை செய்கிறது என்று தேடிப்போனதில் அகப்பட்டது செம்பு. ரத்தம் குறைந்தவர்களுக்கு ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கும் நம் வீட்டுப் பழக்கத்தில் இரும்பும் செம்பும் ஒரே வாணலியில் சேர்ந்தே வருகின்றன.

பிறகு 1960-களில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பன்றிகளைச் செம்பில்லாத தீனியில் வளர்த்துப் பார்த்தார்கள். ரத்தசோகை வந்தது, ஆனால் திசுக்களைச் சோதித்தால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் இரும்பு தேங்கிக் கிடந்தது. அந்தப் பன்றிகளுக்குச் செருலோபிளாஸ்மினை ஊசியில் ஏற்றியபோது ரத்தத்தில் இரும்பின் அளவு சீக்கிரமே உயர்ந்தது. பூட்டு எது, சாவி எது என்று அந்தச் சோதனை காட்டியது. மனிதரிலும் இதற்குச் சாட்சி உண்டு. பிறவியிலேயே செருலோபிளாஸ்மின் சுரக்காத ஓர் அரிய நோய் 1987-ல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அவர்களுக்குக் கல்லீரல், கணையம், மூளை எல்லாவற்றிலும் இரும்பு படிகிறது. சர்க்கரை நோய், கண் விழித்திரைச் சிதைவு, தள்ளாட்டம் வருகின்றன. இத்தனை இரும்பு உள்ளே இருந்தும் ரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவு.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சந்தேகமானது. அந்த ஜப்பானிய நோயில் செருலோபிளாஸ்மின் சுத்தமாக இல்லை. ஆனாலும் ரத்தசோகை லேசாகத்தான் இருக்கிறது. உடம்பில் செம்பு மிகுந்து தேங்கும் பிறவி நோயான வில்சன் நோயில் செருலோபிளாஸ்மின் மிகக் குறைவு. அங்கே இந்த வகை ரத்தசோகை வழக்கமே இல்லை. அப்படியானால் செம்புக் குறைவில் ஹீமோகுளோபின் இவ்வளவு விழுவதற்கு வாசலில் நிற்கும் நொதி மட்டும் காரணமாக இருக்க முடியாது. செம்பு குறைந்த எலிகளுக்கு இரும்பை நேரடியாக ஊசியில் ஏற்றினாலும் ரத்தசோகை முழுதாகத் தீரவில்லை என்று காட்டிய சோதனைகள் உண்டு. சிவப்பணு ஆகப்போகும் இளம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில்தான் இரும்பு ஹீமாக, அதாவது ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியாக, மாற்றப்படுகிறது. அங்கே இருக்கும் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்ற நொதிக்கும் செம்பு வேண்டும். அது தளர்ந்தால் மஜ்ஜை வரை வந்த இரும்பும் பயன்படாமல் போகலாம். இரண்டில் எது எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்த அளவில் இரண்டாவதற்குப் பங்கு அதிகம். காரணம், நான் மஜ்ஜையில் பார்த்த ஒரு காட்சி.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு ஸ்லைடு அது. அறுபது தாண்டிய ஒருவர். குடல் புண்ணுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே, வெள்ளணுவும் குறைவு, நடை தள்ளாட்டம். பி12 ஊசி, டிரிப்பில் இரும்பு எல்லாம் ஏற்றிப் பார்த்தாயிற்று. மஜ்ஜையில் புற்றுநோய்க்கு முந்தைய நிலையான எம்.டி.எஸ். இருக்குமோ என்று அனுப்பியிருந்தார்கள். முதலில் பார்த்தபோது நானும் அப்படியே நினைத்தேன். ரிப்போர்ட்டையும் அப்படியே எழுதினேன். இரும்பைக் காட்டும் சாயத்தில் தோய்த்தால் இரும்பு நீலமாகத் தெரியும். இவருடைய இளம் சிவப்பணுக்களில் நியூக்ளியஸைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையம் கட்டி நின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் ஹீமாக மாற முடியாமல் தேங்கிய இரும்பு அது. எம்.டி.எஸ்.ஸிலும் இதே வளையம் வரும். அங்கேதான் ஏமாந்தேன். மறுநாள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் ஏதோ உறுத்த, ஸ்லைடைத் திரும்ப வைத்தேன். வெள்ளணுவின் தாய்ச் செல்களிலும் சிவப்பணுவின் தாய்ச் செல்களிலும் ஓட்டை ஓட்டையாக, ஆப்பத்தின் நடுவில் இருக்கும் கண்களைப்போல, வெற்றுக் குமிழ்கள். இரண்டு வரிசையிலும் இந்தக் குமிழ்கள் சேர்ந்து வந்தால் செம்பை நினைக்க வேண்டும் என்று படித்தது ஞாபகம் வந்தது. வார்டுக்குப் போன் செய்து சீரம் காப்பர் அனுப்பச் சொன்னேன். டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, இவருக்கு 14.

செம்பு கொடுத்தார்கள். சில வாரத்தில் வெள்ளணு சரியானது; அடுத்த இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது. கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தடி வேண்டாம் என்கிற அளவுக்கு வந்தார். ஆனால் இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். நரம்பு விஷயத்தில் இதுதான் வழக்கம். தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டால், பி12 குறைவில் வருவதைப் போலவே கால் மரத்து, மெத்தைமேல் நடப்பதுபோல் ஆகிவிடும். ரத்தம் சீக்கிரம் திரும்பும். நரம்பு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. உங்கள் அம்மாவின் கால் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஹீமோகுளோபினுக்கு ஒரு மாதம் காத்திருக்கலாம், காலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இப்போது அந்த ஜிங்க் மாத்திரை. ஜிங்க் உடம்புக்குத் தேவையானதுதான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் கொடுப்பது நல்ல மருத்துவம். தினமும் 50 மில்லிகிராம் என்று ஆண்டுக்கணக்கில் போவது வேறு. வளர்ந்தவர்களுக்குத் தினமும் 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர வேண்டாம் என்பது அமெரிக்காவில் வகுத்த உச்ச வரம்பு. அந்த வரம்பை வைத்ததே செம்பு குறைந்துவிடும் என்ற காரணத்தால்தான். ஜிங்க் அதிகமானால் குடல் செல்கள் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்கின்றன. இது ஜிங்க்கைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குடல் செல்லுக்கு ஆயுள் சில நாள்தான். அது உதிரும்போது பிடித்து வைத்த செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. நாம் சாப்பிடும் செம்பு குடல் சுவருக்குள் வந்தும் ரத்தத்துக்குப் போகாமலே கழிகிறது. வில்சன் நோயில் அதிகச் செம்பை வெளியேற்ற இதே ஜிங்க்கை மருந்தாகவே கொடுக்கிறார்கள் என்றால் அதன் வலு புரியும். 1978-லேயே, அரிவாள் செல் நோய்க்காகத் தினமும் 150 மில்லிகிராமுக்கு மேல் ஜிங்க் கொடுத்தவர்களிடம் செம்புக் குறைவு வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 50 மில்லிகிராம் எடுக்கும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நாலைந்து ஆண்டு, கூடவே வேறு சத்து மாத்திரையிலும் சத்து மாவிலும் ஜிங்க் இருந்தால் கணக்கு மாறும். வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவையும் எடுத்து ஜிங்க் எத்தனை மில்லிகிராம் என்று கூட்டிப் பாருங்கள். கொரோனா அலை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நிறுத்தாத வீடுகள் சென்னையில் எத்தனையோ. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, அதனால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜிங்க் தவிர, செம்பு குறைவதற்கு வேறு வழிகளும் உண்டு: உடல் எடைக்காகச் செய்யும் பைபாஸ் அறுவை, இரைப்பையை வெட்டியது, சீலியாக் போன்ற குடல் நோய், மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியே மட்டும் உணவு. குழந்தைகளில், பால் மட்டுமே குடித்து வளர்வது. 1960-களில் பெருவின் லிமா நகரில் மெலிந்த குழந்தைகளைப் பாலால் தேற்றும்போது செம்புக் குறைவு வந்ததைக் கண்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் ஆளுக்குச் சாப்பாட்டால் மட்டும் இது வருவது அரிது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1 மில்லிகிராம். எள்ளுருண்டை, முந்திரி, வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், உளுந்து, பருப்பு எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து வரும் நண்டிலும் ஈரலிலும் ஏராளம். எனவே ஜிங்க்கோ அறுவை சிகிச்சையோ குடல் கோளாறோ இல்லாத ஒருவருக்கு ரத்தம் ஏறவில்லை என்றால் செம்பை நான் கடைசியில்தான் தேடுவேன்.

உங்கள் அம்மா விஷயத்திலும் மற்ற காரணங்களை ஒதுக்கிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். ஃபெரிட்டின் கூடுதல், சீரம் அயர்ன் குறைவு என்ற இதே படத்தை மிக அதிகமாக வரைவது அழற்சி. மூட்டுவாதம், காசநோய், நாள்பட்ட தொற்று, சர்க்கரையால் கெட்ட சிறுநீரகம் இவற்றிலெல்லாம் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, அந்த ஃபெரோபோர்ட்டின் கதவைப் பூட்டிவிடும். அங்கே செம்பு சரியாகவே இருக்கும். நூறு பேரில் இந்தப் படம் தெரிந்தால் பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம். வெள்ளணுவும் குறைந்து காலும் மரத்துப்போனால் அடுத்துத் தேட வேண்டியது பி12. வெறும் சைவம் சாப்பிடுபவர்களிலும், ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் எடுப்பவர்களிலும் அது சகஜம். செம்புக் குறைவைவிட எத்தனையோ மடங்கு சகஜம். பி12 நன்றாக இருக்கிறது, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்தால் செம்பின்மேல் என் சந்தேகம் பல மடங்கு கூடும். இரண்டும் சேர்ந்தே குறைந்திருப்பதும் உண்டு, குறிப்பாக இரைப்பை அறுவை ஆனவர்களில். பி12 குறைவு என்று வந்தவுடன் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

அதனால் டாக்டரிடம் போகும்போது ஜிங்க் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். “என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் சத்து மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதில்லை. எத்தனை வருடமாக என்பதையும் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் ஸ்மியர், பி12, சி.ஆர்.பி., கிரியாட்டினின் இவற்றோடு சீரம் காப்பர், செருலோபிளாஸ்மின், சீரம் ஜிங்க் மூன்றையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். இது எல்லா லேபிலும் அன்றைக்கே கிடைக்காது. பெரிய லேபுக்கு அனுப்பி வாங்க வேண்டியிருக்கும். ரத்தம் எடுக்கும்போது நுண்தாதுக்கென்று இருக்கும் கருநீல மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே ஜிங்க் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

முன்னால் சொன்ன பச்சைப் பிளாஸ்மா இங்கேதான் வருகிறது. ரத்தத்தில் இருக்கும் செம்பின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மினில்தான் இருக்கிறது. காய்ச்சல், தொற்று, கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை எல்லாம் செருலோபிளாஸ்மினை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் உண்மையில் குறைந்திருக்கும் செம்பு சரியாக இருப்பதுபோல் காட்டலாம். அம்மாவுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் ஆறிய பிறகு எடுப்பது நல்லது. அதேபோல செருலோபிளாஸ்மின் குறைவு என்று வந்தாலே செம்புக் குறைவு என்றும் ஆகாது. வில்சன் நோயிலும் அது குறையும், அங்கே செம்பு கொடுப்பது ஆபத்து. இதனால்தான் சோதனைக்கு முன் செம்பு மாத்திரை வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். மிகுந்த செம்பு கல்லீரலைக் கெடுக்கும். ஜிங்க்கை டாக்டர் யாரும் எழுதித் தராமல் நீங்களாகத் தொடங்கியது என்றால் அதை இன்றே நிறுத்துவதில் நான் தவறு காணவில்லை. வில்சன் நோய்க்கென்று எழுதித் தந்தது என்றால் தொடக் கூடாது. நிறுத்தியதும் மறுவாரமே மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடம்பில் தேங்கிய ஜிங்க் இறங்க மாதங்கள் ஆகலாம். அதனால் குறைவு உறுதியானால் செம்பையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மாத்திரையா ஊசியா, எத்தனை நாள் என்பதை ரத்தநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். ஃபெரிட்டின் 280 இருக்கும்போது இரும்பைத் தொடர வேண்டுமா? “மாத்திரை வேலை செய்யலை, டிரிப்பில் ஏற்றிடலாம்” என்ற யோசனை வரும். வெளியே வர வழியில்லாத இடத்தில் இன்னும் மூட்டையை அடுக்குவதில் பயன் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் இரும்பு மாத்திரையே வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் இரும்புக் குறைவின் பங்கு பெரிது. ஃபெரிட்டின் 10, 12 என்று இருக்கும் பெண்ணுக்கு இரும்புதான் மருந்து. கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் 60 மில்லிகிராம் மாத்திரையை என் பேச்சைக் கேட்டு ஒருவரும் நிறுத்திவிடக் கூடாது.

கடைசியாகக் குடம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதன் வேர் சரி. செம்பு இல்லாமல் இரும்பு ஓடாது என்பது உண்மைதான். தீர்வுதான் பொருந்தவில்லை. பெங்களூருவில் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்தன. அந்தத் தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆகவே பயமில்லை. ஆனால் ஜிங்க் குடலிலேயே வழிமறித்து நிற்கும்போது இந்தச் சொற்பச் செம்பு அதைத் தாண்டிப் போகாது. குடம் வாங்க ஆசை என்றால் வாங்குங்கள், தண்ணீருக்கு மட்டும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மோர் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு பட்டால் செம்பு வேகமாகக் கரையும். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் தேடியது இதனால்தான். பேரக் குழந்தைக்குப் பால் காய்ச்சவோ வைக்கவோ அதை எடுக்கவே கூடாது. 1980-களில் புனேயில் குழந்தைகளைத் தாக்கிய ஒரு கல்லீரல் நோயை ஆராய்ந்தபோது, பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. பரம்பரைக் காரணமும் உண்டா என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. பாத்திரம் மாறிய பிறகு அந்த நோயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இந்த வாரமே போய்விடுங்கள். காரணம் தெரிந்து கால் தேறும் வரை அம்மா இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல் நடக்க விடாதீர்கள். குளியலறைத் தரை ஈரமாக இருக்க வேண்டாம். முடிவுகள் வந்ததும், பெயரை மறைத்து, எண்களை மட்டும் இங்கேயே எழுதுங்கள். சீரம் காப்பரோடு வெள்ளணுவில் நியூட்ரோஃபில் எத்தனை என்பதையும் மறக்காமல் சேருங்கள். செம்பு கொடுத்தால் முதலில் ஏறுவது அதுதான்.